எந்த பிஸ்டல் வாங்கலாம்? சென்னை ரேஞ்சுகளில் ஓயாத கேள்வி

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் தனியாக ஒரு வெண்கலம், சரப்ஜோத் சிங்கோடு கலப்பு அணியில் இன்னொரு வெண்கலம் வாங்கினார். அதிலிருந்து எழும்பூரிலும் வேளச்சேரியிலும் பிள்ளைகளைத் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குக் கூட்டிவரும் பெற்றோரின் முதல் கேள்வி ஒன்றுதான்: "சார், எந்த கம்பெனி பிஸ்டல் வாங்கலாம்?" பத்து வருடமாகச் சுடுகிறவர்களும் டீ குடிக்கும்போது இதையேதான் விவாதிப்பார்கள். ஸ்டெயர் கட்சி, மொரினி கட்சி என்று பிரிந்து நிற்பார்கள். நடுவில் ஒரு வால்தர்காரர் தனியாக முறைத்துக்கொண்டிருப்பார்.

முதலில் துல்லியம் என்கிற வாதத்தை ஓரமாக வைத்துவிடலாம். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ. பெல்லட் அந்தக் கோட்டைத் தொட்டாலே 10 கணக்கு. அதாவது பெல்லட்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 8 மி.மீ. விலகி விழுந்தாலும் உங்களுக்கு 10 கிடைக்கும். இன்று விற்கும் எந்த முதல்தர ஏர் பிஸ்டலையும் வைஸில் (பட்டறைப் பிடிப்பானில்) இறுக்கிச் சுட்டால், ஐந்து பெல்லட்டும் ஏறக்குறைய ஒரே ஓட்டைக்குள் போகும். ஆக, 7 விழுந்தால் அது கம்பெனியின் குற்றம் இல்லை. ஒருவருக்கு ஒரு பிஸ்டல் பிடித்துப்போவதற்கான காரணங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன: ட்ரிகரின் குணம், சுட்ட பிறகு முனை எவ்வளவு துள்ளுகிறது, எடை எங்கே உட்காருகிறது, கிரிப் கையோடு எப்படிச் சேர்கிறது. சென்னைக்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு. கோளாறானால் யார் சரிசெய்வார்கள்?

ஸ்டெயர் எல்பி 10 ஆஸ்திரியத் தயாரிப்பு. அதை வைத்திருப்பவர்கள் முதலில் சொல்வது, "சுட்ட மாதிரியே தெரியாது" என்பதுதான். உள்ளே இருக்கும் ஸ்டெபிலைசர்தான் காரணம். சுடும்போது காற்றில் ஒரு பங்கு சின்ன எடை ஒன்றைப் பின்பக்கம் தள்ளும். அதன் எதிர்விளைவு பிஸ்டலை முன்னே தள்ளி, பெல்லட் கொடுக்கும் உதையை ஈடுகட்டிவிடும். பேரலின் முனைக்கருகில் இருக்கும் துளைகள் வழியாகக் காற்று மேலே வெளியேறி முனையை அமுக்கிப் பிடிக்கும். ஏர் பிஸ்டலில் உதை ஏற்கெனவே சொற்பம்தானே, இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெடல் என்று தோன்றலாம். பெல்லட் வினாடிக்கு ஏறத்தாழ 150 மீட்டர் வேகத்தில்தான் போகிறது. அது பேரலை விட்டு வெளியேறும்வரை கை அசையாமல் இருக்கவேண்டும். அதைவிட முக்கியம், சுட்ட பிறகும் ஃப்ரண்ட் சைட் (முனையில் இருக்கும் குறிமுள்) இருந்த இடத்திலேயே நின்றால் ஷாட் எங்கே போனது என்பதை நீங்களே சொல்லிவிடலாம். ஸ்கிரீனைப் பார்க்காமலே "வலது பக்கம் 9" என்று சொல்லத் தெரிந்தவர் வேகமாக முன்னேறுவார்.

மொரினி சிஎம் 162 இஐ ஸ்விட்சர்லாந்திலிருந்து வருவது. அந்த நிறுவனமே கையின் வடிவத்துக்கேற்ற கிரிப் செய்வதில் தொடங்கியதுதான். இன்றும் பெட்டியிலிருந்து எடுத்த உடனே கையில் சரியாக உட்காரும் கிரிப் என்றால் பலரும் மொரினியைத்தான் சொல்வார்கள். இதன் ட்ரிகர் எலக்ட்ரானிக். உள்ளே கொக்கியும் அதைத் தடுத்து நிறுத்தும் ஸியரும் உரசுவது கிடையாது. ஒரு ஸ்விட்ச் மூடியதும் சோலெனாய்டு என்கிற மின்காந்தம் வால்வைத் தட்டும். முதல் ஷாட்டும் அறுபதாவது ஷாட்டும் விரலுக்கு ஒரே மாதிரி இருக்கும். இன்னொரு லாபம் டிரை பயிற்சி, அதாவது பெல்லட் போடாமல் ட்ரிகரை அழுத்திப் பழகுவது. மெக்கானிக்கல் ட்ரிகரில் ஒவ்வொரு முறையும் லீவரைத் தூக்கி ட்ரிகரை மீண்டும் செட் செய்யவேண்டும். அதற்குள் மணிக்கட்டு நகர்ந்துவிடும். மொரினியில் பிடியை விடாமல் அழுத்திக்கொண்டே போகலாம். வீட்டுச் சுவரைப் பார்த்து தினமும் அரைமணி நேரம் டிரை செய்கிறவருக்கு இது பெரிய வசதி.

ஆனால் எலக்ட்ரானிக் என்றால் பேட்டரியும் சர்க்யூட் போர்டும் உண்டு. பேட்டரி விஷயம் எளிது: போட்டிக்கு முந்தின நாள் புதிதாக மாற்று, பையில் இன்னொரு செட் வை. போர்டு போனால்தான் தலைவலி. இங்கே அதைத் திறந்து சரிசெய்ய ஆள் கிடைப்பது அரிது. பெரும்பாலும் அனுப்பித்தான் ஆகவேண்டும், அதுவரை கிளப் பிஸ்டல்தான். மெக்கானிக்கல் ட்ரிகரில் தேய்மானம் மெல்ல வரும், முன்கூட்டியே விரலுக்குத் தெரியும். எலக்ட்ரானிக் நேற்றுவரை நன்றாக இருந்து இன்று மௌனமாகிவிடும். என் அபிப்பிராயம்: முதல் பிஸ்டல் மெக்கானிக்கலாக இருக்கட்டும். மாநில அளவில் ஸ்கோர் நிலைத்த பிறகு எலக்ட்ரானிக் ஆசையைத் தீர்த்துக்கொள்ளலாம். மொரினி கட்சியினர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், தெரியும்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஜெர்மனியின் ஃபைன்வெர்க்பாவ் பி8எக்ஸ் பிடித்தவர்கள் எடையை முன்னும் பின்னும் நகர்த்தி விளையாடுவதில் பிரியம் உள்ளவர்கள். வால்தர் எல்பி 500 ட்ரிகர் அமைப்பை மாற்றிக்கொள்ளும் வசதிக்குப் பெயர் வாங்கியது. இத்தாலியின் பார்டினி கே 12 வைத்திருப்பவர்களில் பலர் 25 மீட்டரிலும் பார்டினி சுடுகிறவர்கள். இரண்டிலும் கை ஒரே கோணத்தில் பழக வேண்டும் என்பது அவர்கள் கணக்கு, நியாயமான கணக்கு. 13, 14 வயதுப் பிள்ளைகளுக்கு இந்த மாடல்களில் வரும் குட்டைப் பேரல் வகையைப் பாருங்கள். விதிப்படி எடை 1,500 கிராம் வரை போகலாம் என்பதற்காக ஒரு கிலோ இரும்பைச் சின்னக் கையில் 75 நிமிடம் திணித்தால் தோள்தான் கெடும். பழைய ஃபைன்வெர்க்பாவ் 65 இன்னும் சிலரிடம் இருக்கிறது. ஸ்பிரிங்கில் இயங்கும் அதில் காற்றுச் சிலிண்டரும் கிடையாது, பம்ப்பும் கிடையாது. பக்கவாட்டு லீவரை இழுத்தால் போதும். பதக்கத்துக்கு இல்லாவிட்டாலும் பழகுவதற்கு இன்றும் நல்ல கருவி.

பிராண்டைவிடப் பெரிய விஷயம் கிரிப். எக்ஸ்ட்ரா ஸ்மால் முதல் லார்ஜ் வரை அளவுகள் உண்டு. நம்மூர்க் கைகளுக்குப் பெரும்பாலும் ஸ்மாலோ மீடியமோ போதும். "வளரும் பிள்ளைதானே" என்று செருப்பு வாங்குகிற மாதிரி ஒரு அளவு பெரிதாக வாங்குவதுதான் இங்கே அடிக்கடி நடப்பது. பெரிய கிரிப்பில் உள்ளங்கை மிதக்கும். அதை ஈடுகட்ட விரல்கள் இறுகும். விரல் இறுகினால் ட்ரிகர் விரலும் சேர்ந்து இழுக்கும். ஷாட் இடது கீழே போகும்.

சோதனை எளிது. இலக்கைப் பார்த்து நின்று, பிஸ்டலைப் பிடித்து, கண்ணை மூடிக் கையைத் தூக்குங்கள். இரண்டு மூச்சு விட்டுக் கண்ணைத் திறங்கள். பேக் சைட்டின் பிளவு நடுவில் ஃப்ரண்ட் சைட் தானாக நிற்கவேண்டும், இரு பக்கமும் சமமாக வெளிச்சம் தெரியவேண்டும். ஃப்ரண்ட் சைட் ஒரு பக்கம் ஒதுங்கி நின்றால் மணிக்கட்டை முறுக்கிச் சரிசெய்யாதீர்கள், கிரிப்பைத் திருப்புங்கள். அதற்கான ஸ்குரூ பெரும்பாலான மாடல்களில் இருக்கிறது. ட்ரிகர் விரல் மரத்தைத் தொடவே கூடாது, 2 மி.மீ. இடைவெளியாவது வேண்டும். விரலின் முதல் கணுவின் நடுச்சதை ட்ரிகர் மேல் படும்படி ட்ரிகரை முன்னே பின்னே நகர்த்திக்கொள்ளுங்கள்.

கிரிப்பில் வெற்றிடம் இருந்தால் சென்னையில் எல்லோரும் நாடுவது எம்-சீல்தான். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், குழாய் ஒழுகலுக்கு வாங்குவதே. இரண்டு பகுதியையும் சம அளவு எடுத்து நிறம் ஒன்றாகும்வரை பிசையுங்கள். மரத்தை 80 நம்பர் உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கிவிட்டு மெல்லிய படலமாக ஒட்டுங்கள். கைமேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு, சுடும் நிலையில் நின்று, கையை முழுதாக நீட்டிப் பிடியுங்கள். உட்கார்ந்து மடியில் வைத்துப் பிடித்தால் உள்ளங்கையின் வடிவமே வேறு. அப்படிச் செய்த கிரிப் மேஜையில்தான் பொருந்தும், ரேஞ்சில் பொருந்தாது. ஒரு ராத்திரி காய விட்டு, மறுநாள் 180 நம்பர் தாளால் தேய்த்துச் சரிசெய்யலாம். ஒரே நாளில் முழுக் கிரிப்பையும் பூசாதீர்கள். பெருவிரலின் அடிச்சதை ஒரு வாரம், உள்ளங்கைக் குழி ஒரு வாரம் என்று போகலாம்.

இரண்டு பக்கமும் தாராளமாகப் பூசுகிறவர்கள் மறந்துவிடுவது ஒன்று. உபகரணச் சோதனையில் பிஸ்டல் 420 × 200 × 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்கவேண்டும். கிரிப்பின் தடிமன் 50 மி.மீ.யைத் தாண்டினால் அங்கேயே உப்புத்தாளோடு உட்காரவேண்டியதுதான். உள்ளங்கையைத் தாங்கும் அடிப்பலகையும் கையைக் கவ்விப் பிடிக்கும்படி மேல்நோக்கி வளையக் கூடாது, மரம் மணிக்கட்டைச் சுற்றிவரக் கூடாது.

அடுத்து ட்ரிகர் எடை. ஏர் பிஸ்டலுக்கு விதி குறைந்தது 500 கிராம். பேரலைச் செங்குத்தாகப் பிடித்து, ட்ரிகரில் 500 கிராம் எடையை மாட்டித் தரையிலிருந்து மெல்லத் தூக்குவார்கள். எடை தொங்கும்போது ட்ரிகர் விழுந்துவிடக் கூடாது. மூன்று வாய்ப்பு உண்டு. பலரும் 501, 502 என்று விளிம்பில் வைத்திருப்பார்கள். ஏசி அறையில் பாஸான ட்ரிகர் தேய்மானம், எண்ணெய், வெப்பம் எல்லாம் சேர்ந்து நாலைந்து கிராம் இறங்கிவிட்டால் போட்டி அன்று கதை கந்தல். 510 முதல் 520 வரை வைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள்; அந்த 15 கிராமை எந்த விரலும் உணராது. மொத்தத்தில் 350 முதல் 400 கிராம் முதல் கட்டத்துக்கும், மிச்சம் இரண்டாம் கட்டத்துக்கும் என்று பிரித்தால், முதல் அழுத்தத்திலேயே பெரும்பாதி வேலை முடிந்து, கடைசியில் கொஞ்சமே பாக்கி இருக்கும். இரண்டாம் கட்டத்தைக் கண்ணாடி உடைகிற மாதிரி வைத்துக்கொள்ள எல்லோருக்கும் ஆசை. ஆனால் பயந்து சுடும் பழக்கம் உள்ளவருக்குக் கொஞ்சம் உருண்டு விழும் ட்ரிகர்தான் நல்லது. எப்போது விழும் என்று தெரியாததால் விரல் முந்திக்கொள்ளாது.

சென்னைக்கென்றே உள்ள தொல்லை காற்று. சிலிண்டரில் 200 பார் அழுத்தம் அடைக்கிறோம். கைப்பம்ப்பால் அடித்தால் நம் ஊர்க் காற்றின் ஈரமும் சேர்ந்து உள்ளே போகும். நவம்பர் மாதத்தில் அப்படி அடித்த சிலிண்டரில் வால்வுக்கருகே ஈரம் தங்கி, ஓ-ரிங்கும் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) ஸ்பிரிங்கும் கெடும். உலர்ந்த காற்று அடைத்த டைவிங் டேங்கிலிருந்து நிரப்புவதே நல்லது. கிளப்பில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். நிரப்பும்போது வால்வை மெதுவாகத் திறக்கவேண்டும். வேகமாக நிரப்பினால் காற்று சூடாகும், மீட்டர் 200 காட்டும், பத்து நிமிடத்தில் ஆறியதும் 180க்கு இறங்கி நிற்கும். கசிகிறது என்று பயந்து பிஸ்டலைப் பிரிக்கத் தொடங்குவார்கள், கசிவே இருக்காது.

உண்மையான கசிவைக் கண்டுபிடிக்க இணைப்பில் சோப்பு நுரையை விரலால் தடவினால் போதும். முக்கால்வாசி நேரம் சிலிண்டர் கழுத்தின் ஓ-ரிங்தான். சிலிக்கோன் கிரீஸ் மெல்லத் தடவிப் புதியதை மாட்டவும். கையில் கிடைத்த பெட்ரோலிய எண்ணெயையோ ஸ்பிரேயையோ அங்கே அடிக்கவே கூடாது. உயர் அழுத்தக் காற்றோடு சேர்ந்தால் அது உள்ளே பற்றிக்கொள்ளக்கூடும். சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியையும் பாருங்கள். பெரும்பாலானவற்றுக்குப் பத்து வருடம்தான் ஆயுள். காலாவதியான சிலிண்டரோடு பெரிய போட்டிக்குப் போனால் சோதனையிலேயே நிறுத்தக்கூடும்.

பெல்லட்டையும் நம் காற்று விடாது. மூடி சரியாக மூடாத டப்பாவை மழைக்காலம் முடிந்து திறந்து பாருங்கள்: ஈயத்தின் மேல் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கும். அந்தப் பெல்லட்டின் அளவு சீராக இருக்காது, பேரலிலும் ஒட்டும். பயிற்சிக்குக்கூட வேண்டாம். அந்தப் பொடி விஷம், ஊதிப் பார்க்காதீர்கள், தொட்ட கையோடு வடை சாப்பிடாதீர்கள். டப்பாவுக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும். பெல்லட் தேர்வில் ஆர்டபிள்யூஎஸ் ஆர்10, ஹெச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் என்று பெயர் பார்த்து வாங்குவதோடு நிற்காமல், 4.49, 4.50 என இரண்டு தலையளவிலும் வாங்கி, வைஸில் ஐந்தைந்தாகச் சுட்டு, எது சின்னக் கூட்டம் போடுகிறதோ அதே பேட்ச் எண்ணில் மொத்தமாக வாங்கிவைப்பதுதான் அனுபவசாலிகள் வழக்கம்.

தோட்டா போட்டுச் சுடும் 0.22 அங்குல பிஸ்டலுக்கு வந்தால் சட்டமும் சேர்ந்து வரும். 4.5 மி.மீ. அளவில், 20 ஜூலுக்குள் சக்தி உள்ள ஏர் பிஸ்டலுக்கு உரிமம் தேவையில்லை. 0.22க்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். சென்னை நகரத்தில் மாநகரக் காவல் ஆணையரிடம் விண்ணப்பம். அதனால் இங்கே 25 மீட்டர் சுடுகிறவர்களில் பலர் நெடுநாள் கிளப் ஆயுதத்திலேயே பழகுகிறார்கள். சொந்தமாக வாங்குகிறவர்களின் ஆசை பெரும்பாலும் பார்டினி எஸ்பி. பேரல் கைக்கு மிக நெருக்கமாகத் தாழ்ந்து இருப்பதால் உதை நேராகத் தோளுக்குப் போகும், முனை மேலே துள்ளாது. மூன்று வினாடியில் கையைத் தூக்கி ஒரு ஷாட், ஏழு வினாடி இறக்கி வைப்பு, மறுபடி மூன்று வினாடி என்று ஓடும் ரேபிட் பகுதியில் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். 1960களில் வந்த வால்தர் ஜிஎஸ்பியைச் சதுரப் பெட்டி என்று கேலி செய்வார்கள். ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கும், உதிரியைத் துடைத்து மாட்டினால் ஓடும். பழைய ஹாமர்லி 208ஐ யாராவது விற்கிறார் என்றால் வரிசை நிற்கும்.

இந்த 0.22 வகையில் ட்ரிகர் குறைந்தது 1,000 கிராம், பெட்டி 300 × 150 × 50 மி.மீ., எடை வரம்பு 1,400 கிராம். தோட்டா விஷயத்தில் கண்டிப்பு வேண்டும்: ஸ்டாண்டர்டு வெலாசிட்டி மட்டும். அதிவேகத் தோட்டா போல்ட்டை (தோட்டாவின் பின்னால் முன்னும் பின்னும் ஓடும் உலோகப் பகுதி) பின்னால் அறைந்து, அதைத் தாங்கும் பஃபரை நைந்துபோகச் செய்யும். கவனிக்காவிட்டால் உலோகம் உலோகத்தில் மோதும். மேகசினில் தோட்டாவின் விளிம்பு ஒன்றன் பின் ஒன்றாகச் சிக்கிக்கொள்வது இன்னொரு வழக்கமான கோளாறு; அடுக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் வரும்படி பார்த்து அடுக்கவும். தோட்டா உட்காரும் சேம்பரில் மெழுகும் ஈயமும் படிந்தாலும் தோட்டா முழுதாக உள்ளே போகாது. போட்டியில் பிஸ்டல் நின்றுவிட்டால் கை துடிக்கும், போல்ட்டை இழுக்கத் தோன்றும். இழுக்காதீர்கள். முனையை இலக்குப் பக்கமே பாதுகாப்பாக வைத்து மற்றக் கையைத் தூக்குங்கள். அதிகாரி வந்து பார்ப்பதற்கு முன் திறந்தால், ஆயுதத்தின் கோளாறும் உங்கள் தவறாகவே கணக்காகும்.

டோக்கியோ ஒலிம்பிக்ஸில் மனு பாக்கருக்குத் தகுதிச் சுற்றின் நடுவே பிஸ்டல் கோளாறாகி நிமிடங்கள் பறிபோயின. 575 எடுத்தார், இறுதிச் சுற்றுக்குள் போன கடைசி ஸ்கோர் 577. அந்த அளவில் இருப்பவர்கள் இரண்டாவது பிஸ்டலையும் அதே ட்ரிகர் எடையில், அதே கிரிப் கோணத்தில் தயாராக வைத்திருப்பது ஆடம்பரத்துக்காக இல்லை.

தற்காப்புக்கு உரிமம் வாங்கியவர்களைப் பற்றியும் கேட்கிறார்கள். அங்கே விருப்பத்துக்கு இடம் குறைவு. 9 மி.மீ. தடைசெய்யப்பட்ட குழல் அளவு. சாதாரண உரிமத்தில் கிடைப்பது பெரும்பாலும் 0.32. கான்பூர் ஆயுதத் தொழிற்சாலையின் ஆறு தோட்டா ரிவால்வர் நம்பகமானது, ட்ரிகர் மட்டும் மிகக் கனம். 2014இல் வந்த நிர்பீக் ரிவால்வர் 500 கிராம்தான், பைக்குள் அடங்கும். எடை குறைந்த அளவுக்குக் கையில் உதை கூடும். இறக்குமதி நின்றுபோன காலத்துக்கு முந்தைய வெப்லி அண்ட் ஸ்காட் ரிவால்வருக்குக் கொடுக்கும் லட்சங்கள் பெரும்பாலும் அருமைக்காகவே. சென்னை வீடுகளில் இவற்றைக் கெடுப்பது பயன்பாடு இல்லை, உறை. தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஒரு மழைக்காலம் அதற்குள் பீரோவில் கிடந்தால் உறை படும் இடத்தில் மட்டும் துரு கோடு போட்டிருக்கும். பஞ்சு வைத்த பெட்டியும் அப்படித்தான். தோட்டாவை நீக்கி, மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்து, உறையில்லாமல் சிலிக்கா ஜெல்லோடு பூட்டிய இரும்புப் பெட்டியில் வைக்கவும், தோட்டா தனிப் பெட்டியில். ஏசி ரேஞ்சிலிருந்து வெளியே கொண்டுவரும் எந்த பிஸ்டலுக்கும் இதே பாடுதான்: குளிர்ந்த உலோகத்தில் வெளிக்காற்று பட்டதும் வியர்க்கும். பெட்டியை உடனே திறக்காமல் அரைமணி விட்டுத் துடையுங்கள்.

பழைய ஏர் பிஸ்டல் வாங்குகிறவர்கள், ஆசை காட்டும் விலையைக் கேட்பதற்கு முன் சிலிண்டர் தேதியைப் பாருங்கள். நிரப்பி ஒரு ராத்திரி வைத்து மறுநாள் மீட்டர் இறங்கியதா என்று பாருங்கள். வைஸில் ஐந்து ஷாட் கேளுங்கள், 500 கிராம் எடையைத் தொங்கவிடச் சொல்லுங்கள், லீவரின் அச்சு ஆடுகிறதா என்று அசைத்துப் பாருங்கள். கிரிப்பில் முந்தையவரின் எம்-சீல் மலைபோல் இருந்தால் பரவாயில்லை, புதுக் கிரிப் தனியாகக் கிடைக்கும். சிலிண்டர் காலாவதியாகியிருந்தால் புதுச் சிலிண்டரின் விலையை அப்படியே கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.